சாவடியில் ஆள் இல்லை

மனிதனுக்குக் குளிரெடுத்தால் போர்த்திக்கொள்வான். கேமராவுக்குக் குளிரெடுத்தால் எங்கள் கம்பெனிக்கே காய்ச்சல் வந்துவிடும்.

லடாக்கின் மேட்டுநிலத்தில் ஒரு சூரிய மின்பண்ணை இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பலகை பலகையாகக் கிடக்கும். அதைச் சுற்றி வேலி, வேலி நெடுகக் கம்பம், கம்பத்துக்கு ஒரு கேமரா. ஒரே பக்கம் வெறித்துப் பார்க்கிற கேமரா இல்லை. இடம், வலம், மேல், கீழ் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மோட்டார் கேமரா. அந்தக் கழுத்தைச் செய்வதுதான் எங்கள் தொழில். கோயம்புத்தூர் பீளமேட்டில் வேல்விழி டிரைவ்ஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். நான் அங்கே ஃபிட்டர், பெயர் திருமூர்த்தி. என் தங்கை தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் சென்னியப்பன் அதே கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். ஷெட்டில் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிக்கிற பழக்கம்.

மைனஸ் முப்பதுக்குக் கீழே போனால் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிவிடும். அந்த நேரத்தில் திரும்பச் சொன்னால் மோட்டார் முக்கும். இன்னும் வற்புறுத்தினால் பல்சக்கரம் பல்லைக் கொட்டிவிடும். கண்ணாடியில் உறைபனி படிந்து பார்வையும் போய்விடும். இதற்கு எங்கள் கம்பெனி ஒரு வழி செய்தது. மோட்டாரைச் சுற்றி ஒரு சூட்டுப் பட்டை, தலைக்கு மேல் பனி தங்காத குல்லா, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்தை மெள்ள ஆட்டிக்கொண்டே இருக்கும்படி ஓர் ஏற்பாடு. ஐஸ் குடோனில் வைத்துச் சோதித்தோம், அருமையாக ஓடியது. ஐஸ் குடோனில் காற்று அடிக்காது என்பதும், அங்கே கரண்டு போகாது என்பதும் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மேட்டுநிலத்தில் கரண்டு என்பது மண்ணுக்கடியில் கான்கிரீட் போட்டுப் புதைத்த பேட்டரி. நாலைந்து நாள் பனி மூடிவிட்டால், அத்தனை சூரியப் பலகைக்கு நடுவிலேயே மின்சாரத்துக்குப் பஞ்சம் வந்துவிடும். கடலோரத்தில் உட்கார்ந்து தாகத்தில் தவிக்கிற கதைதான். இருக்கிற சூட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. அதை எழுதியவள் விண்மதி. எங்கள் கம்பெனியிலேயே படித்த படிப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளாத ஒரே பெண். கேன்டீனில் ஒருநாள் எனக்கும் மாப்பிள்ளைக்கும் விளக்கினாள்.

"பேட்டரில ஒரு கொடம் தண்ணிதான் மிச்சம் இருக்குன்னு வெச்சுக்கங்கண்ணா. கேமராவும் குடிக்கோணும், சாவடில தங்கற ஆளும் குடிக்கோணும். ஆள் இருந்தா மொதல்ல ஆளுக்கு. ஆள் இல்லீன்னா சொட்டு விடாம எல்லாம் கேமராவுக்கு."

சாவடி என்று அவள் சொன்னது வேலியோரமாக அங்கங்கே வைத்திருந்த தகர அறைகளை. ரிப்பேருக்குப் போகிறவர்கள் தங்குவதற்கு.

"ஆள் இருக்கறது அதுக்கு எப்புடிம்மா தெரியும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

கதவுக்கு மேல் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கண் இருக்கிறது என்றாள். அந்தப் பெட்டி எங்கள் தயாரிப்பு இல்லை, வெளியே வாங்கியது. முதலில் சுவரில் ஒரு சுவிட்ச்தான் வைத்திருந்தார்களாம். தங்கினவர்கள் அணைக்காமல் போய்விடுகிறார்கள், காலி அறைக்குச் சூடு வீணாகிறது என்று எங்கள் எம்.டி. குழந்தைவேல் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். மனுசன் பொய் சொல்வான், கண்ணு சொல்லாது என்பது அவருடைய வேதவாக்கு. அறைக்குள்ளே ஒரு கேமரா வைத்துவிடலாமே என்றால், தொழிலாளர் அந்தரங்கம் கெட்டுவிடும் என்று அதற்குத் தடை. எங்கள் மானத்தின் மேல் அவ்வளவு அக்கறை.

"கண்ணுக்குச் சந்தேகமா இருந்தா என்ன பண்ணும்?" என்று நான் கேட்டேன்.

விண்மதி டம்ளரைப் பார்த்தாள். "ஆள் இருக்குன்னே வெச்சுக்கட்டும்னுதானுங்கண்ணா எழுதியிருந்தேன். எம்.டி. மாத்தச் சொல்லிட்டாரு. கேமரா ஒண்ணு கண்ண மூடினாக்கூட ஒப்பந்தம் போயிருமாமா. இப்ப சந்தேகம்னா கேமராவுக்குத்தான்."

மாப்பிள்ளை சிரித்தார். சாமிக்குப் படைத்த பிறகுதானே நமக்கு என்றார். நாங்களும் சிரித்தோம்.

ஐப்பசி பிறக்கும் முன்னே கேமராக்களை மாட்ட எங்களை அனுப்பினார்கள். ஆயுத பூஜை நோம்பி அங்கேயே வந்தது. கோயம்புத்தூர்க்காரன் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் சோறு திங்கமாட்டான். என் தங்கை தனம் முன்கூட்டியே மருதமலைச் சந்தனமும் குங்குமமும் பொட்டலம் கட்டி மாப்பிள்ளை பையில் வைத்திருந்தாள். குளிரிலே கிடக்கப் போகிறீர்கள், எல்லா மிஷினுக்கும் மறக்காமல் வைத்துவிடுங்கள் என்று என்னிடமும் சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை குளித்துவிட்டு, அந்தக் குளிரிலும் குளித்தார், டிரில்லிங் மிஷின், ஏணி, ஜீப், கம்பம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். வடகோடிச் சாவடிக்குள்ளும் புகுந்து ஹீட்டருக்கு, போனுக்கு, கதவுக்கு மேலிருந்த பெட்டிக்கு என்று ஒன்றையும் விடவில்லை. எங்களோடு இருந்த லடாக்கி டிரைவர் தன் நெற்றியையும் காட்டி வைத்துக்கொண்டார். நல்ல நாளாக இருந்தது.

தை மாதத்தில் மறுபடி போக வேண்டி வந்தது. வடகோடியில் ஒரு கேமரா கழுத்து மடங்கி நின்றுவிட்டது. டிரைவர் எங்களைச் சாவடியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போனார். அதற்கு முன் நாலு நாளாக வெயிலே இல்லை. அன்றைக்குக் காலையில் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அதை நம்பித்தான் வந்தோம்.

கம்பத்தில் மாப்பிள்ளைதான் ஏறினார். ஏணியைப் பிடிக்கிற வேலை எனக்கு. மோட்டார் மூடியின் திருகு கடுகு அளவு இருக்கும். கையுறையோடு பிடிக்க முடியாது. கழற்றிவிட்டு வேலை செய்தார். பாதி வேலையில் காற்று கிளம்பியது. இறங்கி வாருங்கள் என்று கத்தினேன். பல்சக்கரத்தை மாற்றி மூடியைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். இறங்கும்போது அவர் விரல்கள் வெள்ளைவெளேர் என்று மெழுகு மாதிரி இருந்தன. மேலே கேமரா மெள்ளக் கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தது.

"ஓடுதுங்களா மச்சான்?"

"ஓடுது மாப்பிள்ளை. வாங்க உள்ள போலாம்."

உள்ளே போகும்போது பகல் இருக்கிற இடம் தெரியாமல் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வண்டி வராது என்று தெரிந்தது. அதனால் என்ன, சாவடி இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது என்று நினைத்தேன். ஹீட்டர் கொஞ்ச நேரம் ஊதியது. பிறகு இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

சாவடியில் இருந்த சாட்டிலைட் போனில் கோயம்புத்தூரைப் பிடித்தேன். விண்மதிதான் எடுத்தாள். ஹீட்டர் நின்றுவிட்டது என்றதும் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, சாவடி காலின்னு காட்டுதுங்கண்ணா. ஆள் இல்லைன்னு."

"அப்ப நீ யாருகூடம்மா பேசிட்டு இருக்கே?"

பேட்டரி அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இருக்கிறதையெல்லாம் புரோகிராம் கேமராக்களுக்குத் திருப்பிவிட்டது என்றாள். அதை அவளே மாற்றலாமே என்றால், மாற்றுகிற சாவி எம்.டி. ஒருவரிடம்தான் இருக்கிறது, எம்.டி. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், நாதஸ்வரச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. காவல் நிலையத்துக்கும் சொல்லிப் பார்த்தாளாம். பண்ணைக்கென்று ஒரு தனியார் காவல் படை, பனியில் ஓடுகிற வண்டியோடு கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அவர்கள் திரையிலும் சாவடி காலி.

"இந்தப் பனில வண்டி எடுக்க மாட்டாங்களாமா. வேலில யாராவது திருட வந்தாத்தான் கெளம்போணும்னு அவங்களுக்கு ரூல்ஸாம். அண்ணா, பெட்டியோட கண்ணத் தொடச்சுப் பாருங்க, பனி கினி மூடியிருக்கும். தொடச்சுட்டுக் கைய ஆட்டுங்க. நான் எம்.டி.ய..."

அதோடு போன் செத்தது. காலி அறைக்குப் போன் எதற்கு என்று புரோகிராம் அதையும் அணைத்துவிட்டது.

நாற்காலி மேல் ஏறிப் பெட்டியைப் பார்த்தேன். முழுக்க உறைபனி. பெட்டியின் அடியில் நீளமாக ஒரு கண்ணாடி, அதற்குள் பச்சை விளக்கு. அதுதான் கண் என்று நினைத்து மப்ளரால் அழுத்தித் துடைத்தேன். மேலே மாப்பிள்ளை வைத்த பொட்டு பனிக்கடியில் கல் மாதிரி இறுகி நின்றது. பெட்டி முழுவதையும் துடைத்துவிடலாம் என்று கையைக் கொண்டு போனேன்.

"தனம் குடுத்து உட்டதுங்க. அதை அழிச்சுப்போடாதீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை கீழே இருந்து.

சரி என்று பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது பொட்டில் பட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு பெட்டிக்கு முன்னால் நின்று கையை ஆட்டினேன், குதித்தேன், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். ஹீட்டர் அசையவில்லை.

முதலில் மாப்பிள்ளை கிடுகிடு என்று நடுங்கிக்கொண்டிருந்தார். நடுங்குகிறவரை பயமில்லை என்று அங்கே வேலைக்குப் போகிற எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நடுக்கம் நின்றது. கோட்டுப் பித்தானைக் கழற்றப் பார்த்தார், புழுங்குகிறதாம். ஷெட்டில் ஃபேன் போடச் சொன்னார். விடியும்வரை இவர் தாங்கமாட்டார் என்று தெரிந்தது. தனத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

பேட்டரியைத் தோண்டி எடுக்க முடியாது. நெருப்பு மூட்ட அங்கே விறகும் இல்லை, பண்ணைக்குள் விடமாட்டார்கள் என்று தீப்பெட்டியும் கொண்டுவரவில்லை. கம்பத்தில் ஏறி ஒரு கேமராவை உடைத்துவிடலாம் என்று தோன்றியது. உடைத்தால் என்ன நடக்கும் என்பது அடுத்த நொடியே தெரிந்தது. வடகோடியில் கேமரா பழுது, சரிசெய்யவும் என்று வேலை உத்தரவு வரும். யார் பேருக்கு? எங்கள் பேருக்குத்தான்.

திருட வந்தால்தான் வண்டி கிளம்பும். அப்படியானால் திருடனாகிவிட வேண்டியதுதான்.

வேலியை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்திருந்ததால் தாண்டுவது சுலபமாக இருந்தது. அந்தப் பக்கம் போய்க் கேமராவுக்கு எதிரே நின்று கையை ஆட்டினேன். கேமரா திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அப்போதுதான் கோட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் கோட்டின் மார்பிலும் முதுகிலும் கட்டம் போட்ட ஒட்டு ஒன்று உண்டு. வேலை ஆட்கள் வேலியோரம் நடமாடும்போதெல்லாம் அலாரம் அடிக்கிறது என்று கம்பெனி செய்த ஏற்பாடு. அந்தக் கட்டத்தைக் கண்டால் கேமரா ஆளைக் கணக்கில் எடுக்காது. கோட்டைத் திருப்பிப் போட்டேன். உள்பக்கமும் அதே கட்டம். எவனாவது மாற்றிப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று அதற்கும் யோசித்திருந்தார்கள்.

சாவடிக்கு ஓடிக் கம்பளியை எடுத்துக் கோட்டின் மேல் போர்த்திக்கொண்டு திரும்பினேன். கேமரா இந்த முறை கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தது. பிறகு மறுபடி கழுத்தைத் திருப்பிக்கொண்டது. மேய்ச்சல் காலத்தில் யாக் மாடுகள் வேலியோரம் வரும். அதையெல்லாம் விட்டுவிடும்படி அதற்குப் பழக்கியிருந்தார்கள். கம்பளிக்குள் இருந்த நான் அதன் கணக்கில் மாடு.

மறுபடி சாவடிக்குப் போனபோது கோட்டையும் கம்பளியையும் கழற்றி மாப்பிள்ளைக்குப் போர்த்தினேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எங்கீங்க போறீங்க, ஸ்வெட்டரோட?"

"சித்த பொறுங்க மாப்பிள்ளை. வண்டி கூட்டிட்டு வந்தர்றேன்."

"தனத்துகிட்டச் சொல்லீராதீங்க, கையுறையக் கழட்டுனேன்னு. வையும்."

சொல்லமாட்டேன் என்றேன். அந்தச் சொல்லை மட்டும் இன்றுவரை காப்பாற்றிவிட்டேன்.

வெறும் ஸ்வெட்டரோடு பனியில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. முதலில் எரிந்தது. பிறகு காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், தொட்ட கையும் தெரியவில்லை. கையை விரித்து ஆட்டினேன். மாப்பிள்ளை காலையில் பழுது பார்த்த அதே கேமராதான். ஒரு சின்னச் சிணுங்கல்கூட இல்லாமல், வெண்ணெயாகத் திரும்பி என்னைக் குறிபார்த்து நின்றது. நான் இடப்பக்கம் ஓடினால் அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வேலையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வண்டி வரத்தான் செய்தது. நாலு பேர் குதித்து என்னைக் குப்புறத் தள்ளிக் கையைப் பின்னால் கட்டினார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சாவடிக்குள் ஆள் இருக்கிறார், சாகக் கிடக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்களில் பெரியவர் ஒரு திரையை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே காட்டினார். சாவடி, காலி. அந்தப் பனியில் சாவடி கண்ணுக்கே தெரியவில்லை. நான் அந்தத் திசையைக் காட்டக் கையும் கட்டியிருந்தது. குளிரில் புத்தி பேதலித்தவன் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிடித்தவனை நேரே நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்கு ரூல்ஸ். என்னைப் போர்த்தி, வண்டிக்குள் சூடாக உட்காரவைத்து, வாயில் டீ ஊற்றினார்கள். மேட்டுநிலத்தில் அன்றைக்கு ஒழுங்காகக் கவனிக்கப்பட்ட ஆள் திருடன் ஒருவன்தான்.

நிலையத்துக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. விண்மதி. அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கேமராவில் தெரிந்தது திருடன் இல்லை, எங்கள் ஆள், இன்னொருவர் சாவடிக்குள் இருக்கிறார் என்று அவள் இந்தியில் கத்துவது எனக்கே வெளியே கேட்டது. அப்புறம்தான் என் கட்டை அவிழ்த்து, வண்டியைத் திருப்பினார்கள். நானும் போனேன்.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு கோட்டும் கம்பளியும் போட்டது போட்டபடி இருந்தன. பெரியவர் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவடியில் ஆள் இல்லை என்றுதான் அப்போதும் காட்டியது. அந்த முறை அது சொன்னது சரி.

ஊருக்கு வந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு விண்மதி என்னைக் கம்பெனி மாடிக்குக் கூப்பிட்டாள். விசாரணைக்காகச் சாவடியில் எடுத்த படம் அவள் கையில் இருந்தது. கதவுக்கு மேலே பெட்டி, நான் துடைத்த கண்ணாடி, அதற்கு மேல் பொட்டு.

"அண்ணா, இந்தக் கண்ணாடி வெறும் வெளக்குங்கண்ணா. கண்ணு மேல ரவுண்டா இருக்கும். சட்டைப் பித்தானாட்ட." படத்தில் விரலை வைத்தாள். "இந்தப் பொட்டு எது மேல இருக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். நெற்றி மாதிரி நடுவில் வட்டமாக இருந்த இடத்தில், அளவெடுத்த மாதிரி வைத்திருந்தார். உடம்புச் சூடு சந்தனத்தைத் தாண்டி உள்ளே போகாது, அத்தோடு அது குருடு என்றாள். எதுவும் தெரியாமல் பெட்டி சந்தேகம் என்று சொல்ல, புரோகிராம் அதைக் காலி என்று எடுத்துக்கொண்டதாம். ஐப்பசியிலிருந்தே குருடு. பேட்டரி நிறைய இருந்தவரை எல்லாருக்கும் சூடு கிடைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவள் அழுதாள். பொட்டை விடுங்கண்ணா, சந்தேகம் வந்தா ஆள் இருக்குன்னு எடுத்துக்கற அந்த ஒரு வரிய நான் எழுதி வெச்சிருந்தனே, அது இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதைத்தான் நானும் விசாரணையில் சொல்லப் போகிறேன் என்று எம்.டி.யின் அறைக்குப் போனேன். குழந்தைவேல் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். மாப்பிள்ளையின் பாடையைக்கூடக் கொஞ்ச தூரம் சுமந்தார்.

"சொல்லு திருமூர்த்தி. தாராளமாச் சொல்லு. நான் தடுக்கலை. அந்த வரிய எடுக்கச் சொன்னது நான்தான், அதையும் சொல்லு. ஆனா அப்பறம் கேப்பாங்கல்ல, கண்ணு ஏன் தெரியலைன்னு? பொட்டும் வெளிய வரும். வெச்சது யாரு, சந்தனம் யாரு குடுத்து உட்டதுன்னு பேப்பர்ல போடுவான். உன் தங்கச்சி படிக்கும். அதுக்கப்பறம் அந்தப் புள்ள பொழைக்குமா, நீயே ரோசனை பண்ணிக்க."

நான் யோசித்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. பெட்டியின் கண் பனியால் மறைந்ததாக விசாரணையில் முடிவானது. நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். விண்மதி மட்டும் போடவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வரி திரும்பவும் சேர்க்கப்படவில்லை. சந்தேகத்துக்கெல்லாம் சூடு கொடுத்தால் கேமரா என்னாவது என்றார்கள். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குளிரில் ஒன்றுகூடக் கண் மூடவில்லை, மேலும் இரண்டு பண்ணைகளின் ஆர்டர் வந்தது. கொடீசியாவில் நடந்த கண்காட்சியில் எங்கள் ஸ்டாலில் பெரிய திரை வைத்து ஒரு வீடியோவை ஓட்டினார்கள். வெள்ளைப் பனியில் ஸ்வெட்டர் போட்ட ஒருவன் இடமும் வலமும் ஓடுகிறான், கையை விரித்து விரித்து ஆட்டுகிறான். கேமரா அவனை விடாமல் தொடர்கிறது. கடும் குளிரிலும் திருடன் தப்பமாட்டான் என்று கீழே எழுத்து ஓடியது. முகத்தை மறைத்திருந்தார்கள். எங்கள் அந்தரங்கத்தில் அவர்களுக்கு எப்போதுமே அக்கறை உண்டு.

தனத்துக்குக் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். சாவடிப் பெட்டியை இப்போது நாங்களே தயாரிக்கிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சந்தனப் பொட்டு ஒன்றை வரைந்து, அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம். ஒட்டுவது தனத்தின் வேலை. நான் பெட்டிகளை எடுத்து மேசை மேல் வைப்பேன்; கேட்டு வாங்கிக்கொண்ட வேலை, அவளைத் தனியே விட மனமில்லை.

போன வாரம் ஆயுத பூஜைக்காக ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தனம் ஸ்டிக்கரை விரலில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, இது மேல பொட்டு வெச்சா என்னாகும்?"

"அதுக்குக் கண்ணு தெரியாதாம்மா."

"அட," என்றாள். கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நல்லவேளை, இதை ஒட்டறாங்க. அவரு இருந்தாருன்னா கேக்கவே மாட்டாரு. மொத பொட்டே இங்கதான் வெச்சிருப்பாரு."

நான் அடுத்த பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.